எதிர்வீட்டுக் கெட்டிமேளமும் ஏழு வரிப் பாட்டும்

வாசகர் கேள்வி

என் வயது 43. காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். சென்ற புரட்டாசியில் என் கணவர் மாரடைப்பால் ஒரே இரவில் போய்விட்டார். மகன் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நானும், தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் மாமனாரும் மட்டும் இருக்கிறோம். தை மாதம் எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. அவள் பெரியவளான சடங்குக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவள் நான். கல்யாண ஜாக்கெட்டை மட்டும் கடைத்தெருவில் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகையையும் மாமனார் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த என்னைக் கூப்பிடாமலே போய்விட்டார்கள்.

கெட்டிமேளம் கொட்டியபோது ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது. வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகு என்மீதே வெறுப்பு வந்தது. மறுநாள் மாமனார் ஒன்றும் பேசாமல் தம் பழைய புறநானூற்றுப் புத்தகத்தை என் தையல் மெஷின்மேல் வைத்துவிட்டுப் போனார். 194-ஆம் பாட்டில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாக வைத்து, 'படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன்' என்ற வரியின்கீழ்ப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். என் வீட்டைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. ஆனால் கடைசி வரியில் 'இனிய காண்க' என்று வந்ததும் கோபம் பொங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அந்தப் பாட்டைப் படிக்கிறேன். கடைசி வரியை மட்டும் கையால் மறைத்துக்கொள்கிறேன். விளக்கேற்றுவதையும் நிறுத்திவிட்டேன். இது ஏதாவது மனநோயா? சாமியைக் கோபித்துக்கொள்வது பாவமா? 'போதும் அழுதது, சந்தோஷமாக இரு' என்று மாமனாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டாரா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மனநல ஆலோசகரின் பதில்

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் நீங்காமல் மற்றவற்றை நிதானமாகப் படிக்க உங்களால் முடியாது. இது மனநோய் அன்று. கணவரை இழந்து ஐந்து மாதமே ஆன ஒருவர் மேளச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்துவதிலும், ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் படிப்பதிலும் இயல்புக்கு மாறானது எதுவும் இல்லை. நீடித்த துயரத்தை ஒரு நோயாகக் கருத வேண்டுமானால் இழப்புக்குப் பின் குறைந்தது 6 மாதங்களாவது கடந்திருக்க வேண்டும் என்கிறது 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு. அதே ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, பெரியவர்களுக்கு 12 மாதங்கள் என்கிறது. அந்தக் காலக் கணக்கு மட்டும் போதாது. ஏக்கம் நாள்தோறும் ஆளை முடக்கிப்போட்டு, அன்றாடக் காரியங்களைச் செய்ய இயலாதபடி ஆக்கியிருக்கவும் வேண்டும். நீங்கள் மெஷினில் உட்காருகிறீர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்கிறீர்கள், நடந்ததை இவ்வளவு தெளிவாக ஒரு கடிதத்தில் எழுதுகிறீர்கள். எனினும், 'நானும் அவரோடு போயிருக்கலாம்' என்ற எண்ணம் தலைகாட்டினால், அதை ஒரு நாள்கூடத் தனியாகச் சுமக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். அது அரசின் இலவச மனநலச் சேவை. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இனி அந்தப் பாட்டு. மற்ற வாசகர்களுக்காக அதை முழுவதுமாகத் தருகிறேன்.

ஓரில் நெய்தல் கறங்க, ஓரில்
ஈர்ந்தண் முழவின் பாணி ததும்பப்,
புணர்ந்தோர் பூவணி அணியப், பிரிந்தோர்
பைதல் உண்கண் பனிவார்பு உறைப்பப்
படைத்தோன் மன்ற, அப் பண்பிலாளன்;
இன்னாது அம்ம, இவ்வுலகம்;
இனிய காண்க, இதன் இயல்புணர்ந்தோரே.

பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் நெய்தல் என்னும் சாப்பறை முழங்குகிறது, இன்னொரு வீட்டில் மணமுழவின் குளிர்ந்த ஓசை நிறைகிறது, கூடியவர்கள் பூச்சூடுகிறார்கள், பிரிந்தவர்களின் மையுண்ட கண்களிலிருந்து நீர் வழிந்து சொட்டுகிறது, இப்படிப் படைத்துவிட்டான், நிச்சயமாக அவன் பண்பில்லாதவன், கேளுங்கள், இவ்வுலகம் இன்னாதது, இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இனியவற்றைக் காண்பார்களாக. ஏழே வரிகள்.

நீங்கள் ஜன்னலைச் சாத்திய அந்த நேரம் முழுவதும் இதன் முதல் இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது. சாவு வீட்டையும் கல்யாண வீட்டையும் புலவர் இரண்டு காலங்களில் வைக்கவில்லை, இரண்டு ஊர்களிலும் வைக்கவில்லை. 'ஓரில்', 'ஓரில்' என்று ஒரே சொல்லை ஒரே அடியின் தலையிலும் கடையிலும் வைத்து, அந்த வீடுகளை எதிரெதிரே நிறுத்திவிட்டார். நடுவில் ஒரு தெரு அளவு இடம்தான் இருக்கிறது. பறைக்குக் 'கறங்க' என்ற வன்மையான சொல்லைக் கொடுத்தவர், மணமுழவுக்குத் 'ததும்ப' என்பதைக் கொடுக்கிறார். இன்று நாம் அந்தச் சொல்லைக் கண்ணீருக்கே பெரும்பாலும் வைத்திருக்கிறோம்; அங்கே அது கல்யாண ஓசைக்கு வந்திருக்கிறது. வெள்ளம்போல் நிறைந்து, விளிம்பு தாண்டி, எதிர்வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிற ஓசை அது. சாத்திய ஜன்னலால் அதைத் தடுக்க முடியவில்லை என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

இந்தப் பாட்டை நான் முதன்முதலில் கல்லூரிப் பாடமாகப் படித்தேன். அப்போது அது எனக்கு ஒரு மதிப்பெண் கேள்வி மட்டுமே. என் தாயார் ஒரு மருத்துவமனையில் இறந்த காலைப்பொழுதில் உடலைப் பெறுவதற்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற இளைஞர் ஒருவர் தமக்குப் பேனா இல்லை என்று என்னிடம் கேட்டார். எழுதி முடித்துக் கொடுத்தேன். அவர் அதே பேனாவால் தம் குழந்தையின் பிறப்பு விவரத்தை எழுதிவிட்டு, பேனாவைத் திருப்பித் தரும்போது கூடவே ஒரு மைசூர்பாகையும் நீட்டினார். நான் எதற்காக வரிசையில் நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சுடுகாட்டிலிருந்து வந்து குளிப்பதற்காகச் சட்டையைக் கழற்றியபோதுதான் அது உள்ளேயே நொறுங்கி, நெய் ஊறித் துணியில் வட்டமாகப் படிந்திருப்பதைப் பார்த்தேன். அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒரே பேனா அந்த இரண்டு படிவங்களையும் எழுதியதே, அதன்மீது, அப்படி நேரவிட்ட ஏதோ ஒன்றின்மீது, தாங்க முடியாத கோபம் இருந்தது. 'படைத்தோன் மன்ற' என்பது எனக்கு அன்று இரவுதான் புரிந்தது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஏட்டறிவைக் கொண்டு மட்டும் நான் விடை சொல்லவில்லை.

அந்த வரியின் கட்டமைப்பைப் பாருங்கள். கறங்க, ததும்ப, அணிய, உறைப்ப என்று நான்கு எச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் முடியாமல் நிற்பதால் படிப்பவர் எங்கும் மூச்சுவிட முடியாது. அத்தனையும் சேர்ந்து போய் விழுகிற இடம் 'படைத்தோன்'. அடுத்து வரும் 'மன்ற' என்ற இடைச்சொல்லுக்குத் தேற்றம், அதாவது ஐயத்துக்கு இடமில்லாத உறுதி, என்று தொல்காப்பியம் பொருள் கூறுகிறது. புலவர் வாய்தவறித் திட்டவில்லை. நன்றாக யோசித்து, உறுதியாக, படைத்தவனைப் பண்பு கெட்டவன் என்கிறார். அடுத்த வரியில் 'அம்ம' என்கிறாரே, அதுவும் பிறரைக் கேட்கச் செய்வதற்கான சொல். கோபத்தை மனத்துக்குள் முணுமுணுக்காமல், ஊர் கேட்கச் சொல்கிறார். 'இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றியான்' என்று வள்ளுவரும் உலகைப் படைத்தவனையே சபித்திருக்கிறார். அந்தக் குறளை எழுதிய கைதான் கடவுள் வாழ்த்தையும் எழுதியது. பக்தியும் சினமும் ஒரே மனத்தில் இருக்க இடமுண்டு. விளக்கேற்றத் தோன்றாத நாளில் ஏற்றாமல் இருங்கள். தோன்றுகிற நாளில் ஏற்றுங்கள். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கோபம் முழுவதும் படைத்தவன்மீது மட்டும்தானா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வலித்த இடம் அந்த ஜாக்கெட். மாரடைப்பு யாரும் செய்த தவறு அன்று. ஆனால் பல ஆண்டுகளாக உங்கள் கைத்தையலை விரும்பியவர்கள், உங்கள் கணவர் இறந்ததாலேயே அந்தக் கை அமங்கலமாகிவிட்டதாக முடிவு செய்தது மனிதர்கள் செய்த காரியம். பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் உள்ளே நீங்கள் இருப்பது தெரிந்தும் திரும்பிப் போனதும் அப்படியே. இந்த வழக்கத்துக்கு எந்தப் பெயரைச் சூட்டி நியாயப்படுத்தினாலும் அது கொடுமைதான் என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கோபத்தையும் இழப்பின் துக்கத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்தால் இரண்டுமே ஆறாது. பாட்டில் உள்ள சாவு வீட்டுக்காரி அழுகிறாள். அவளை யாரும் ஒதுக்கியதாகப் பாட்டு சொல்லவில்லை. உங்களுக்கு நேர்ந்தது அதைவிடக் கூடுதலான ஒன்று. அதைத் தனியாகப் பிரித்து, அதற்குரிய பெயரைச் சொல்லி, நம்பிக்கையான தோழி ஒருத்தியிடமாவது வாய்விட்டுப் பேசுங்கள்.

இப்போது நீங்கள் கையால் மறைத்துக்கொள்கிற ஏழாவது வரிக்கு வருகிறேன். அதை மறைப்பதை உடனே நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த வரி நீங்கள் அஞ்சுகிற கட்டளையைச் சொல்லவில்லை என்பதை அதன் இலக்கணத்தைக் கொண்டே காட்ட முடியும். 'காண்க' என்பது வியங்கோள். 'வாழ்க', 'வருக' என்பவை போல அது வாழ்த்தாகவும் விழைவாகவும் நிற்கக்கூடியது. 'காண்' என்று உங்கள் முகத்துக்கு நேரே விரல் நீட்டுகிற ஏவல் வேறு. யார் காண்பது? 'நீ' என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. 'இயல்புணர்ந்தோர்' என்று படர்க்கையில்தான் இருக்கிறது. அதுவும் 'உணர்ந்தோர்', ஏற்கெனவே உணர்ந்து முடித்தவர்கள். ஐந்து மாதத்தில் உலகத்தின் இயல்பை உணர்ந்து முடித்திருக்க வேண்டும் என்று எந்தப் புலவரும் உங்களிடம் கேட்கவில்லை. அந்த வரி உங்களுக்காகக் காத்திருக்கலாம். எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

இன்னொரு நுட்பத்தை என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உலகத்தைச் சொல்லும்போது 'இன்னாது' என்று ஒருமையில் சொல்கிறார். அதற்கு எதிராக 'இனிது' என்று ஒருமையில் சொல்லியிருந்தால், உலகம் இன்னாதது, இல்லை இல்லை இனியது என்று தம் பேச்சையே மாற்றிக்கொண்டவர் ஆகியிருப்பார். அவர் சொல்வது 'இனிய', அது பன்மை, இனியவை என்று பொருள். உலகம் மொத்தமாக இன்னாததுதான். அந்தத் தீர்ப்பை அவர் திரும்பப் பெறவே இல்லை. அதற்குள் சிதறிக் கிடக்கிற சில இனியவற்றைப் பற்றி மட்டுமே பேசுகிறார். சந்தோஷமாக இரு என்று சொல்பவர்கள் கேட்பது வேறு. அவர்கள் முதல் ஆறு வரிகளை அழித்துவிடச் சொல்கிறார்கள்.

தமிழாசிரியர் வீட்டு மருமகளான உங்களுக்கு, இப்படிச் சொந்த வாழ்க்கையை வைத்துச் செய்யுளுக்குப் பொருள் காண்பது முறையா என்ற தயக்கம் எழலாம். புறநானூற்றின் 400 பாட்டுகளில் முதல் 266-க்குப் பழைய உரை ஒன்று கிடைத்திருக்கிறது. எழுதியவர் பெயர் தெரியவில்லை. 'இனிய காண்க' என்பதற்கு அந்த உரைகாரர், வீட்டின்பத்தை, அதாவது மோட்சத்தைத், தரக்கூடிய நற்செயல்களை அறிந்து செய்துகொள்க என்ற கருத்தில் பொருள் எழுதுகிறார். வீடுபேற்றைப் பற்றி மூலத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது அவர் தம் காலத்திலிருந்தும் தம் நம்பிக்கையிலிருந்தும் கொண்டுவந்த பொருள். அவருக்கு உள்ள உரிமை உங்களுக்கும் உண்டு. ஒரு வரம்பை மட்டும் நான் வைப்பேன். காணும் பொருளைப் பாட்டின் சொற்கள் தாங்க வேண்டும். 'இன்னாது' என்ற சொல்லை விழுங்கிவிட்டு 'இனிய' என்பதை மட்டும் எடுத்துக்கொள்வது எப்படிப் பிழையோ, அப்படியே 'இனிய' என்பதை நிரந்தரமாக மறைத்துக்கொள்வதும் பிழைதான். ஆனால் நிரந்தரமாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இப்போதைக்கு மறைத்துக்கொள்வது இளைப்பாறல்.

அன்று மதியம் பசித்துச் சாப்பிட்டதற்காக உங்களை நீங்களே வெறுத்தீர்கள் அல்லவா, அதற்கும் இந்தப் பாட்டுக்கும் தொடர்பு இருக்கிறது. நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கூட் ஆகிய இரு உளவியலாளர்கள் துக்கத்தைப் பற்றி 1999-இல் முன்வைத்த விளக்கம் ஒன்றை எங்கள் தொழிலில் பெரிதும் பயன்படுத்துகிறோம். துக்கம் படிப்படியாக ஏறி முடிகிற மாடிப்படி அன்று; துக்கப்படுபவரின் மனம் இழப்பின் பக்கத்துக்கும் அன்றாட வாழ்க்கையின் பக்கத்துக்கும் இடையே போய்ப் போய் வருகிறது; அந்தப் போக்குவரவுதான் ஆரோக்கியமானது; எந்த ஒரு பக்கத்திலும் அகப்பட்டுக்கொண்டால்தான் சிக்கல் என்பது அதன் சாரம். அதைப் படித்தபோது எனக்கு 'ஓரில், ஓரில்' என்பதே நினைவுக்கு வந்தது. பாட்டின் இரண்டு வீடுகளும் தெருவின் இரண்டு பக்கங்களில் இருப்பதாகவே இதுவரை படித்தோம். ஒரே ஆளுக்குள்ளும் அந்த இரண்டு வீடுகளும் இருக்கின்றன. பத்து மணிக்குக் காதைப் பொத்தியவளும் ஒரு மணிக்குப் பசித்தவளும் ஒருத்திதான். உங்கள் வயிறு உங்கள் கணவருக்குத் துரோகம் செய்யவில்லை.

இந்த வெறுப்பு புதியதும் அன்று. அதே புறநானூற்றில் 245-ஆம் பாட்டை எடுத்துப் பாருங்கள். சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை என்ற அரசன், தன் மனைவியை ஈமத்தில் இட்ட பிறகு பாடியது. 'யாங்குப் பெரிதாயினும் நோயளவு எனைத்தே, உயிர் செகுக்கல்லா மதுகைத்து அன்மையின்' என்று தொடங்குகிறான். என் துயரம் எவ்வளவு பெரிதானாலும் என்ன, என் உயிரைக் கொல்லும் வலிமை அதற்கு இல்லையே என்று தன் துயரத்தையே குறைத்து மதிப்பிட்டுக் கூசுகிறான். கள்ளி வளர்ந்த களர்நிலத்தில், விறகடுக்கிய தீயின் படுக்கையில் அவள் மறைந்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு, 'இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே' என்று முடிக்கிறான். இன்னும் வாழ்கிறேனே, இது என்ன தன்மை? அந்த அரசனுக்கும் மறுவேளை பசித்திருக்கும். குடவாயிற் கீரத்தனார் பாடிய 242-ஆம் பாட்டில், சாத்தன் என்ற வீரன் இறந்த பிறகும் வழக்கம்போல் பூத்துவிட்ட முல்லையைப் பார்த்து, 'முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே' என்று கேட்கிறார். கெட்டிமேளத்தின்மீது உங்களுக்கு வந்த கோபமும் அந்த முல்லைமீது வந்த கோபமும் ஒரே இனம். இந்த இரண்டையும் உங்கள் 194-க்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நூலின் எல்லாப் பக்கங்களும் இந்த நேரத்தில் உங்களுக்கு உகந்தவை என்று சொல்ல மாட்டேன். கைம்மையைப் பாடும் பாட்டுகள் அக்காலத்தின் கடுமையான வழக்கங்களைச் சுமந்து வருபவை. இப்போதைக்கு அவற்றைத் தள்ளி வையுங்கள்.

படிக்கிற நேரத்தை மட்டும் மாற்றச் சொல்வேன். இரவில், தூக்கம் வராத நேரத்தில், தனியாகப் படிக்கும்போது எந்தச் சோகப் பாட்டும் கிணறாகிவிடும். பகலில் படியுங்கள், வாய்விட்டுப் படியுங்கள். 'கறங்க' என்ற சொல்லின் வல்லோசையும் 'ததும்ப' என்பதன் நிறைவும் கண்ணால் படிக்கும்போது கிடைப்பதில்லை. சில நாட்கள் அப்படிப் படித்த பிறகு, விருப்பம் இருந்தால், துணி வெட்டக் கணக்கெழுதும் நோட்டிலேயே, 'ஓரில்' என்று தொடங்கி உங்கள் தெருவை நீங்கள் எழுதுங்கள். செய்யுளாக இருக்க வேண்டியதில்லை, இலக்கணம் பார்க்க வேண்டியதில்லை, யாருக்கும் காட்டவும் வேண்டியதில்லை. ஒரு வீட்டில் பந்தக்கால் நட்டார்கள், ஒரு வீட்டில் நான் அவருடைய சட்டையை மடித்தேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், தங்களை மிகவும் பாதித்த நிகழ்வைப் பற்றித் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார். எழுதியவர்களுக்கு எழுதி முடித்த வேளையில் மனம் கனத்தது, ஆனால் பின்னர் வந்த மாதங்களில் அவர்கள் உடல்நலக் குறைவுக்காக மருத்துவரிடம் போனது குறைந்தது. எல்லோருக்கும் ஒரே பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் சற்று அழுகை வந்தால் அஞ்ச வேண்டாம். அழுகை நிற்காமல் நாள் முழுவதும் நீண்டால் எழுதுவதை விட்டுவிட்டு ஓர் ஆலோசகரை நேரில் பாருங்கள். கடைசி வரிக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். அதை நிரப்ப வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்வியை இறுதிக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சந்தோஷமாக இரு என்று மாமனாரும் சொல்ல ஆரம்பித்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தையே மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர் பென்சிலால் கோடு போட்டது எந்த வரியின்கீழ்? 'இனிய காண்க' என்பதன்கீழ் அன்று. 'படைத்தோன் மன்ற அப்பண்பிலாளன்' என்பதன்கீழ். சந்தோஷமாக இரு என்று சொல்ல நினைத்தவர் கடைசி வரியைத்தானே காட்டியிருப்பார்? அவர் காட்டியது கோபத்தின் வரியை.

நீங்கள் கணவரை இழந்தீர்கள். அந்த மனிதர் தம் மகனை இழந்திருக்கிறார். வயதான காலத்தில் மகனுக்குக் கொள்ளி வைக்கவோ, அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவோ நேர்ந்தவர் அவர். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்க வேண்டிய நிலையும் அவருக்குத்தான் வந்தது. தம் மருமகளை அழைக்காமல் அவர்கள் திரும்பிப் போனதை வாசலில் நின்று பார்த்தவரும் அவர்தான். நீங்கள் உள்ளே ஜன்னலைச் சாத்தியபோது அவர் எங்கே இருந்தார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் கவனித்திருக்கும் நிலையில் அப்போது இல்லை. அது உங்கள் குற்றம் அன்று. ஆனால் அதே மேளம் அவர் காதிலும்தான் விழுந்திருக்கும். ஆண்டுக்கணக்காக வகுப்பறையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஒருவருக்குத் தம் துக்கத்தைத் தம் சொந்தச் சொற்களில், அதுவும் மருமகளிடம், சொல்லத் தெரியாமல் போயிருக்கலாம். நம் வீடுகளில் மாமனார்கள் அப்படிப் பேசிப் பழகியதில்லை. மறுநாள் அவர் புத்தகத்தைப் பேசாமல் வைத்துவிட்டுப் போனது உங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காக மட்டும் இருக்காது என்று நான் நினைக்கிறேன். 'எனக்கும் இப்படித்தான் இருக்கிறது' என்று அந்தப் பென்சில் கோடு சொல்லியிருக்கக்கூடும்.

என் ஊகம் தவறாகவும் இருக்கலாம், கேட்டால்தான் தெரியும். மாலையில் அவருக்குக் காபி கொடுக்கும்போது புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். 'மாமா, இந்த வரிக்கு மட்டும் ஏன் கோடு போட்டீர்கள்?' என்று கேளுங்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால், பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி கேளுங்கள். தமிழாசிரியரால் அதை மறுக்க முடியாது. அவர் குரல் ஐந்தாவது வரியில் நிற்கிறதா, ஏழாவது வரி வரைக்கும் போகிறதா என்று பாருங்கள். எங்கே நின்றாலும் சரி, அந்த இடத்தில் நீங்களும் அவரோடு சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்